மிளகாய்க் களத்தில் சிவப்பு மட்டும்: கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறத்தை விட்டுவைக்கலாமா?

களத்துமேடு (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு படத்தை வைத்துக்கொண்டு பத்து நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கருத்து வேண்டும்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம். மாசி, பங்குனி வந்துவிட்டால் பார்க்கிற இடமெல்லாம் குண்டு மிளகாய் காயும். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதே முண்டு வத்தல்தான். களத்தில் பெண்கள் உட்கார்ந்து தரம் பிரிப்பார்கள். நல்ல சிவப்பு ஒரு பக்கம், நிறம் வெளுத்த காய் இன்னொரு பக்கம். அப்படிப் பிரிக்கிற ஓர் அக்காவின் கைகளைச் சற்று மேலே நின்று எடுத்தேன். முகம் பாதிதான் தெரியும். 50 எம்எம் லென்ஸ், காலை எட்டு மணி வெயில்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வண்ணத்தில் படம் நிற்கவே இல்லை. மேல் மூலையில் நீலத் தார்ப்பாய், பக்கத்தில் பச்சை பிளாஸ்டிக் கூடை, அக்காவின் மஞ்சள் சேலை, எல்லாம் ஒன்றோடொன்று சண்டை போட்டன. சரி என்று கறுப்பு வெள்ளையாக்கினேன். தார்ப்பாய் அடங்கியது. ஆனால் மிளகாய் கரித்துண்டு மாதிரி ஆகிவிட்டது. என்ன காய் என்றே தெரியவில்லை. அதனால் மிளகாய்க்கு மட்டும் சிவப்பைத் திருப்பிக் கொண்டுவந்தேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஒரு சங்கத்தின் போட்டிக்கு ஒற்றை நிறப் பிரிவில் அனுப்பினேன். "இது வண்ணப் படம், இந்தப் பிரிவில் சேராது" என்று திருப்பிவிட்டார்கள்.

என் கேள்வி இரண்டு. முதலாவது, அது சரியா? இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். இப்படி ஒரு நிறத்தை மட்டும் விடுவது நல்ல வேலையா, இல்லை படத்தின் குறையை மூடுகிற வேலையா? மூன்று வடிவத்தையும் இணைத்திருக்கிறேன்.


வெள்ளித்துகள்

முதல் கேள்விக்குப் பதில் எளிது. அவர்கள் திருப்பியதில் தவறு இல்லை. ஃபியாப் என்கிற உலகப் புகைப்படக் கூட்டமைப்பின் வரையறையை ஒட்டித்தான் பல போட்டிகளும் நடக்கின்றன. அதன்படி கறுப்பிலிருந்து வெள்ளை வரை சாம்பல் நிறங்கள் மட்டுமே உள்ள படம் ஒற்றை நிறப் படம். முழுப் படத்துக்கும் ஒரே சாயம் ஏற்றினாலும், உதாரணமாக செபியா என்கிற பழுப்பு, அது ஒற்றை நிறம்தான். ஒரு பகுதிக்கு மட்டும் சாயம் ஏற்றினாலோ ஒரு நிறத்தைச் சேர்த்தாலோ அது வண்ணப் பிரிவுக்குப் போய்விடும். அமெரிக்காவின் பிஎஸ்ஏ என்கிற புகைப்படச் சங்கமும் இதையேதான் சொல்கிறது. அடுத்த முறை வண்ணப் பிரிவில் அனுப்புங்கள், எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாவது கேள்விக்கு என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். நான் இன்னும் ஃபிலிமில் எடுத்து இருட்டறையில் பிரிண்ட் போடுகிறவன். உங்கள் படத்தைத் திறந்ததும் என் கண் சிவப்புக்குப் போனது. அங்கேயே நின்றுவிட்டது. அந்த அக்காவின் விரல்கள் எப்படி வளைந்திருக்கின்றன, நகத்தில் எவ்வளவு தேய்மானம், இதையெல்லாம் நான் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் நீங்கள் குனிந்து எடுத்தது அந்தக் கைகளைத்தானே? சாம்பல் படத்தில் கண் வெளிச்சத்தின் பின்னால் நடக்கும். ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மெதுவாகப் போகும். ஒரே ஒரு நிறத்தை வைத்துவிட்டால் அந்த நடை நின்றுபோகிறது.


மதுரை ஆல்பம்

நான் 2006-இலிருந்து கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். கரிஷ்மா ஆல்பம் வந்த காலம் நினைவிருக்கும். 12-க்கு 36 பக்கத்தில் பொண்ணு மாப்பிள்ளை கறுப்பு வெள்ளை, பட்டுச் சேலை மட்டும் அரக்குச் சிவப்பு. அல்லது மாலை மட்டும் கலர். ஆல்பத்துக்கு இரண்டு பக்கமாவது அப்படி வைத்தே ஆக வேண்டும், பார்ட்டியே கேட்டு வாங்குவார்கள். நான் எத்தனை நூறு சேலைக்கு மவுஸால் ஓரம் வெட்டியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அதனால் இதைக் கெட்ட வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு வலிக்கும். அந்தச் சேலைக்கு அந்த அம்மா அப்பா எவ்வளவு செலவு செய்திருப்பார்கள், எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பார்கள். அது கண்ணில் பட வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு?

ஆனால் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணத்தில் முகூர்த்தப் படத்தையே அப்படிச் செய்து கொடுத்துவிட்டேன். கூரைச் சேலை மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் சாம்பல். பொண்ணோட அம்மா பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "தம்பி, என் மக முகத்துல களையே இல்லையேப்பா. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கே அந்தப் பக்கத்தை மாற்றிக் கொடுத்தேன். தாலியின் மஞ்சளையும் நெற்றிக் குங்குமத்தையும் சாம்பலாக்கிவிட்டுச் சேலையை மட்டும் காப்பாற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. எதை விட்டுவைக்கிறோம் என்பதை மட்டும் பார்த்துப் பழகிவிட்டேன். எதை எடுக்கிறோம் என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு தாலி கட்டுகிற படத்தில் நான் கைவைப்பதில்லை.

களத்துமேடு, உங்கள் படத்திலும் அதையே பாருங்கள். அந்த அக்காவின் கையிலிருந்து நீங்கள் எடுத்த நிறம் என்ன?


ஒளிக்கற்றை

களத்துமேடு அண்ணா, நீங்கள் இணைத்த வண்ணக் கோப்பைத் திறந்து சில இடங்களில் புள்ளி மதிப்பை அளந்தேன். அதைச் சொன்னால் இந்தப் பேச்சு கொஞ்சம் தெளிவாகும் என்று நினைக்கிறேன்.

மிளகாயில் சிவப்பு 160, பச்சை 20, நீலம் 20. வெளுத்த காயில் 220, 190, 130. அக்காவின் விரலில் 150, 100, 75. எல்லாம் 255-க்கு.

ஒரு மென்பொருளில் நிறச் செறிவை அகற்றும்போது பல நேரம் நடப்பது இதுதான்: சிவப்பில் சுமார் 30 விழுக்காடு, பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டிச் சாம்பல் மதிப்பை உண்டாக்கும். நம் கண்ணுக்குப் பச்சை வெளிச்சமாகவும் நீலம் இருட்டாகவும் தெரிவதால் வந்த விகிதம் அது. அதன்படி உங்கள் மிளகாய் 62-க்கு விழுந்துவிடுகிறது. நீங்கள் கரித்துண்டு என்று சொன்னது அதைத்தான். விரல் 112, வெளுத்த காய் 192.

இதைப் பார்த்ததும் பலர் செய்வது, மிளகாயை வெளிச்சமாக்க வேண்டும் என்று சிவப்புச் சேனலை, அதாவது சிவப்பு மதிப்பின் பங்கை, ஏற்றுவது. ஏற்றிப் பாருங்கள். சிவப்பை மட்டும் எடுத்தால் மிளகாய் 160, விரல் 150. இரண்டும் ஒன்றாகி, விரல் எங்கே முடிகிறது, காய் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

இப்போது எதிர்ப்பக்கம் போங்கள். பச்சைச் சேனலை மட்டும் எடுங்கள். மிளகாய் 20, விரல் 100, வெளுத்த காய் 190. மூன்றும் மூன்று படியாகப் பிரிந்து நிற்கின்றன! தார்ப்பாய் 90-க்கு வருகிறது, ஆனால் அது மேல் மூலையில் இருப்பதால் விரலோடு மோதாது. மிளகாய் முன்னைவிடக் கறுப்பாகும், உண்மை. ஆனால் அந்தக் கறுப்புக் குவியலிலிருந்து ஒரு வெள்ளைக் காயை அந்த விரல்கள் பொறுக்கி எடுப்பது பளிச்சென்று தெரியும். நீங்கள் எடுக்க நினைத்த வேலையே அதுதானே அண்ணா?

ஒரு நிறத்தை விட்டுவைப்பதற்கு முன்னால் சாம்பலாக்குகிற வேலையை முழுசாகச் செய்து பார்த்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். செறிவைப் பூஜ்யத்துக்கு இழுத்துவிட்டு, படம் செத்துவிட்டது என்று நினைத்துத்தான் நம்மில் பலர் நிறத்தைத் தேடிப் போகிறோம்.


வெள்ளித்துகள்

ஒளிக்கற்றை சொன்னதை ஃபிலிமில் பச்சை ஃபில்டர் போட்டுச் செய்வோம். லென்ஸுக்கு முன்னால் எக்ஸ்1 பச்சைக் கண்ணாடி, எக்ஸ்போஷரில் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். சிவப்பு இருளும், இலை வெளுக்கும். இன்னும் பின்னால் போனால், ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. அதில் எடுத்த பழைய படங்களில் உதட்டுச் சாயமும் குங்குமமும் கறுப்பாக இருக்கும். அந்த ஃபிலிமைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவ முடிந்ததும் அதனால்தான்.


பிலிம்சுருள்

ஆர்த்தோ என்றதும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஐசன்ஸ்டைனின் "போர்க்கப்பல் பொட்டெம்கின்", 1925. கப்பலில் செங்கொடி ஏறும் காட்சி. சிவப்புத் துணியை எடுத்தால் ஃபிலிமில் கறுப்பாக விழும் என்பதால் வெள்ளைக் கொடியை ஏற்றிப் படமெடுத்தார்கள். பிறகு பிரிண்ட்டில் கட்டம் கட்டமாகக் கையால் சிவப்பு தீட்டினார்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் திடீரென்று ஒரு சிவப்புக் கொடி! அந்தக் கொடி சிவப்பு என்பதுதான் அந்தக் கதையே. சாம்பலில் அதற்கு அர்த்தமே கிடையாது.

"ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்" (1993) எல்லோருக்கும் தெரியும். கிராக்கோவ் நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியை 1943 மார்ச்சில் நாஜிகள் காலி செய்கிற காட்சி. அதில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவப்பு. குன்றின் மேல் குதிரையில் இருக்கிற ஷிண்ட்லரின் கண் கூட்டத்துக்குள் அவளையே பின்தொடர்கிறது. வெகுநேரம் கழித்து ஒரு வண்டியில் சடலங்களைத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தச் சிவப்பு மறுபடி வருகிறது. அந்த நிறத்தை வைத்தே யார் என்று தெரிந்துவிடுகிறது. கல்லூரியில் அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

இன்னொன்று, கொப்போலாவின் "ரம்பிள் ஃபிஷ்" (1983). படம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு வெள்ளை, தொட்டியில் இருக்கும் சண்டை மீன்கள் வண்ணத்தில். அந்தப் படத்தின் அண்ணன் பாத்திரத்துக்கு நிறம் தெரியாது. கதைக்குள்ளேயே காரணம் இருக்கிறது.

அதனால் இந்த உத்தியே மலிவானது என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து.


வெள்ளித்துகள்

ஒதுக்கவில்லை நண்பரே. ஆனால் நீங்கள் சொன்ன மூன்றும் சினிமா. அங்கே நேரம் இருக்கிறது. அந்தச் சிவப்பு மேலங்கி இரண்டாம் முறை வரும்போதுதான் நெஞ்சைப் பிடிக்கிறது. முதல் முறை அது ஓர் அடையாளம் மட்டுமே. கொடியும், அதற்கு முன்னால் அவ்வளவு நேரம் சாம்பலிலேயே இருந்ததால்தான் எரிகிறது. ஒற்றைப் படத்துக்கு முன்னும் இல்லை பின்னும் இல்லை. பார்க்கிறவர் அந்த ஒரே நொடியில், இது ஏன் சிவப்பு என்பதற்கான காரணத்தை அந்தச் சட்டத்துக்குள்ளேயே கண்டுபிடிக்க வேண்டும். புகைப்படத்தில் இது அவ்வளவு அரிதாகவே நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

தொடர் படங்களாக வைத்தால் வேறு கதை. பத்துப் படம் சாம்பல், பதினோராவதில் ஒரு பிடி மிளகாய் சிவப்பு. அதை நான் ஏற்றுக்கொள்வேன்.


பழைய ஸ்டுடியோ

தம்பிமார்களே, நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது குறைவு. இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

கும்பகோணத்தில் எங்கள் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். அறுபதுகளில் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கலர் போடுகிற வேலைக்கு உட்கார்ந்துவிடுவேன். பிரிண்ட்டை முதலில் செபியா ஆக்கிக்கொள்வோம். வெறும் கறுப்பு வெள்ளை மேல் போட்டால் தோல் நிறம் சாம்பலடித்துச் செத்த மாதிரி இருக்கும். செபியாவின் பழுப்பு அடியில் இருந்தால் முகத்துக்கு உயிர் வரும். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஆயில் கலரைத் துளி தொட்டு, தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்க வேண்டும். அடியில் இருக்கிற நிழல் தெரியணும். நிழலை மூடிவிட்டால் அப்பாவிடம் திட்டு விழும். டர்பன்டைன் வைத்துத் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார்.

எல்லோரும் முழுக் கலர் கேட்க மாட்டார்கள், காசு அதிகம். கன்னம், உதடு, சங்கிலி, பொட்டு, சேலைக் கரை, அவ்வளவுதான். இன்று நீங்கள் கம்ப்யூட்டரில் செய்வதை அன்று காசில்லாததால் செய்தோம் என்று சொல்லலாம். ஆனால் எதற்குக் கலர் போடச் சொன்னார்கள் என்று பாருங்கள். சங்கிலிக்குப் போடாமல் விட்டால் திரும்பி வருவார்கள். பின்னால் இருக்கும் திரைச்சீலைக்கு யாரும் கேட்டதே இல்லை.

இந்த ஆசை போட்டோவோடு கூடவே பிறந்தது. டாகுரோடைப் என்கிற தகட்டுப் படம் 1839-இல் வந்தது. அடுத்த சில வருஷத்திலேயே சுவிட்சர்லாந்தில் ஐசென்ரிங் என்கிற ஓவியர் அந்தத் தகட்டின் மேல் நிறப்பொடியும் பிசினும் வைத்துக் கலர் ஏற்றினார். நகைக்குப் பொன் வைப்பதும் வழக்கமானது. 1860-களில் ஜப்பானின் யோக்கோஹாமாவில் பெலிச்சே பியாட்டோ என்கிற புகைப்படக்காரர், மரஅச்சு ஓவிய மரபில் கைதேர்ந்தவர்களை வைத்து, முட்டை வெள்ளைக்கரு பூசிய காகிதத்தில் போடும் ஆல்புமின் பிரிண்ட்டுகளுக்கு நீர்வண்ணம் தீட்டினார். நம் ஊர் பழைய ஸ்டுடியோ படங்களை இப்போது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தேடி எடுத்துப் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுச் சுவரில் தாத்தா பாட்டி படம் இருக்கும். கறுப்பு வெள்ளை. அமாவாசைக்கு, திதிக்கு அந்தக் கண்ணாடி மேல் சந்தனம் வைத்து அதன் நடுவில் குங்குமம் வைக்கிறோமே, அது என்ன? கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த ஒரு பொட்டு மட்டும் சிவப்பு. சின்ன வயசிலிருந்து நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்தது அது. அதைப் பார்த்து யாரும் கண் அங்கேயே நிற்கிறது, முகம் தெரியவில்லை என்று சொன்னதில்லை.


மதுரை ஆல்பம்

ஐயா, கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு எழுந்து போய் எங்கள் ஆச்சி படத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷம் கண்ணில் பட்டும் தோன்றவில்லை.


நாடோடி

எனக்கு ஒரு சந்தேகம். மிளகாய்க் களத்தைப் போய் ஏன் கறுப்பு வெள்ளையில் யோசிக்க வேண்டும்? புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் இந்தியாவைப் பல பத்தாண்டுகள் வண்ணத்தில்தான் எடுத்தார். கறுப்பு வெள்ளையின் துக்கமும் தனிமையும் மேற்கத்தியக் கலையிலிருந்து வந்தவை, இந்தியக் கண்ணுக்கு நிறம் இயல்பானது என்பது அவர் வாதம். நம் கோவில் சுவர், நம் சேலைக் கடை, நம் சந்தை எதைப் பார்த்தாலும் எனக்கு அது சரி என்றே படுகிறது. நீலத் தார்ப்பாய்தான் பிரச்சினை என்றால் அந்தத் தார்ப்பாயை வைத்தே படத்தை அமைத்திருக்கலாமே. நீலமும் சிவப்பும் சேர்ந்து எவ்வளவு பலமான ஜோடி!


களத்துமேடு

நாடோடி, நீங்கள் கேட்டது நியாயம். அந்தக் காலையில் எனக்கு அது தோன்றவில்லை. இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் தார்ப்பாய் சட்டத்தை விட்டே போயிருக்கும். படத்தின் குறையை மூடுகிற வேலையா என்று நானே கேட்டேன் இல்லையா, அதில் பாதி பதில் இங்கேயே இருக்கிறது. தார்ப்பாயை மறைக்கத்தான் சாம்பலுக்குப் போனேன்.

ஒளிக்கற்றை தங்கச்சி சொன்னபடி பச்சைச் சேனலில் செய்து பார்த்தேன். நானே எதிர்பார்க்கவில்லை. கறுப்புக் குவியல், நடுவே கை, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் காய். இணைத்திருக்கிறேன்.

இருந்தாலும் சிவப்பு மட்டும் வைத்த படத்தை விட மனசு வரவில்லை. அதில் இன்னொரு குறையும் தெரிகிறது. கை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. ஏன்?


ஒளிக்கற்றை

அதற்கு இரண்டு காரணம் உண்டு அண்ணா.

ஒன்று, வெயில் மிளகாய்க் குவியலில் பட்டு அந்தச் சிவப்பு கையின் அடிப்பக்கத்தில் தெறிக்கிறது. வண்ணக் கோப்பில் உள்ளங்கை ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், சிவந்திருக்கும். அந்தத் தெறிப்பை அழித்துவிட்டு மிளகாயை மட்டும் சிவப்பாக விட்டால், வெளிச்சம் நடந்துகொள்கிற விதத்துக்கே எதிராகப் போகிறது. காரணம் தெரியாவிட்டாலும் கண் கண்டுபிடித்துவிடும். அதனால் நிறத்தைப் பொருளின் ஓரத்தோடு கத்தரிக்காதீர்கள். கறுப்பு வெள்ளை லேயரின் மாஸ்க்கில், அதாவது நிறம் எங்கே தெரிய வேண்டும் என்று குறிக்கிற மறைப்பில், மென்மையான பிரஷ்ஷை 15, 20 விழுக்காட்டுக்கு வைத்து, கையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் சிவப்பை வரவிடுங்கள். மற்ற இடத்திலும் செறிவைச் சுத்தமாகப் பூஜ்யமாக்காமல் ஒரு பத்து விழுக்காடு விட்டுப் பாருங்கள். ஐயா சொன்ன செபியா அடித்தளமும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று தோன்றுகிறது.

இரண்டு, நீங்கள் ஜேபெக்கிலிருந்து வேலை செய்திருக்கிறீர்கள். பல ஜேபெக் கோப்புகளில் வெளிச்சம் ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகவும், நிறம் நான்கு புள்ளிக்கு ஒன்றாகவும்தான் பதிவாகும். முழு வண்ணத்தில் இது தெரியாது. ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் சிவப்பு என்று வெட்டும்போது ஓரம் பிசிறடிக்கும். ரா கோப்பு, அதாவது கேமரா சுருக்காமல் பதிவு செய்த மூலக் கோப்பு, இருந்தால் அதிலிருந்து 16 பிட்டில் எடுத்துச் செய்யுங்கள்.

கேமராவுக்குள்ளேயே ஒரு நிறத்தை மட்டும் விடுகிற வசதி பல மாடல்களில் இருக்கிறது, போன் செயலிகளிலும் இருக்கிறது. அவற்றுக்கு நிறம் மட்டும்தான் தெரியும், பொருள் தெரியாது. மிளகாயோடு சேர்த்து உதட்டையும் வளையலையும் திட்டுத்திட்டாகச் சிவப்பாக்கி வைத்துவிடும். கையால் மாஸ்க் போடுவதே நல்லது.


செய்திப்படம்

பத்திரிகைப் பக்கத்திலிருந்து ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தப் படத்தைச் செய்திக் கட்டுரைக்கோ ஆவணப் போட்டிக்கோ அனுப்புவதாக இருந்தால் சிவப்பு வடிவத்தை அனுப்பாதீர்கள். முழுப் படத்தையும் சாம்பலாக்குவதை வேர்ல்டு பிரஸ் போட்டோ போன்ற போட்டிகள் ஏற்கின்றன. நிறத்தை ஓரிடத்தில் வைத்து ஓரிடத்தில் எடுப்பது, பார்க்கிறவருக்கு எது முக்கியம் என்று நாமே கோடு போட்டுக் காட்டுவது. செய்தியில் அது கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். சொந்தக் கலைப் படைப்பாக, அப்படிச் சொல்லியே காட்டினால் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.


களத்துமேடு

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இடையில் களத்துக்குப் போய்வந்தேன்.

மூன்று பிரிண்ட் போட்டுக்கொண்டு போனேன். முழு வண்ணம், ஒளிக்கற்றை சொன்ன பச்சைச் சேனல் கறுப்பு வெள்ளை, அப்புறம் ரா கோப்பிலிருந்து மறுபடி செய்த சிவப்பு. இந்த முறை சிவப்பைக் குவியல் முழுக்க விடவில்லை. உள்ளங்கைக்குள் இருக்கிற ஒரு பிடிக்கு மட்டும், கையில் தெறிக்கிற சிவப்போடு சேர்த்து விட்டேன். வெள்ளித்துகள் சொன்னதை நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். கண் சிவப்பில் நிற்கட்டும், ஆனால் கையில் வந்து நிற்கட்டும் என்று.

படத்தில் இருக்கும் அக்காவிடம் மூன்றையும் கொடுத்தேன். முழு வண்ணத்தை முதலில் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "வத்தல் நல்ல நெறமா விழுந்திருக்கு. யாவாரி பாத்தா இதுக்குத்தான் வெல சொல்லுவான்" என்றார். கறுப்பு வெள்ளையைப் பார்த்ததும், "இதுல சோடைக் காயி நல்லாத் தெரியுது" என்றார். ஒளிக்கற்றை எண்ணை வைத்துச் சொன்னதை அவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். மூன்றாவதைத்தான் அதிக நேரம் வைத்திருந்தார். "கை எரியிறாப்புல இருக்கு தம்பி" என்றார்.

அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ராத்திரி கை எரிச்சல் சாதாரணம். எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார்கள். எனக்கு அது தெரியும், சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் படமெடுக்கும்போதோ இந்தச் சிவப்பை விடும்போதோ அது என் மனதில் இல்லை. மிளகாய் மிளகாயாகத் தெரிய வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன்.


வெள்ளித்துகள்

புதுப் படத்தைப் பார்த்தேன். முதல் படத்துக்கு நான் சொன்னது இதற்குப் பொருந்தாது. இதில் சிவப்பு ஒரு காரணத்தோடு இருக்கிறது. என் சுவரில் மாட்டுவதென்றால் இப்போதும் பச்சைச் சேனல் படத்தையே கேட்பேன், அது என் ருசி. ஒரு யோசனை: குவியலின் இடது கீழ் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம் அதிகம், அந்த இடத்தை மட்டும் இருட்டாக்கினால் கைக்கு இன்னும் இடம் கிடைக்கும்.


மதுரை ஆல்பம்

அண்ணே, அந்த மாஸ்க் எவ்வளவு நேரம் பிடித்தது? உள்ளங்கைத் தெறிப்பை எத்தனை விழுக்காட்டில் வைத்தீர்கள்? அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு ஆல்பம் இருக்கிறது. வளையலின் நிறமும் கையில் பூசிய சந்தனத்தின் மஞ்சளும் மட்டும் விட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். முகத்தில் தோல் நிறத்தைப் பாதியாவது விட்டுவைப்பேன்.


களத்துமேடு

மாஸ்க்குக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. உள்ளங்கையில் 20, விரல் நுனியில் 12, மணிக்கட்டுக்கு வரும்போது ஒன்றுமில்லை. வெள்ளித்துகள் சொன்ன ஓரத்தை இன்று இரவு சரி செய்கிறேன்.


பழைய ஸ்டுடியோ

தம்பி களத்துமேடு, அந்தப் பச்சைச் சேனல் படத்தை எட்டுக்குப் பத்தில் ஒரு பிரிண்ட் போட்டு எனக்கு அனுப்ப முடியுமா? முகவரியைத் தனிமடலில் தருகிறேன். மேட் பேப்பரில் போடுங்கள், பளபளப்புப் பேப்பரில் ஆயில் பிடிக்காமல் வழுக்கும். லேசாகப் பழுப்பு அடித்திருந்தால் நல்லது. அப்பாவின் கலர் டப்பாவில் இரண்டு மூன்று டியூப் இன்னும் காயாமல் இருக்கிறது. அதில் ஒன்று சிவப்பு. கை இப்போது கொஞ்சம் நடுங்குகிறது, ஒரு பிடி மிளகாய்க்குப் போதும்.